பீரோவில் உறங்கும் செவிகள்



தங்கள் இல்லத்துப் பீரோவின் மேல் தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டுப் பத்திரம், பாஸ்போர்ட், பழைய மூக்குக் கண்ணாடி இவற்றுக்கு நடுவே உள்ளங்கை அளவில் ஒரு சிறு பெட்டி இருக்கக்கூடும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் அத்தாவுக்கோ அம்மாவுக்கோ வாங்கிய காது மிஷின் அது. வாங்கிய மாதத்தில் வீடே அதைச் சுற்றி நின்று மகிழ்ந்திருக்கும். இன்று அதற்குப் பேட்டரி இருக்கிறதா என்பதுகூட எவருக்கும் தெரியாது.

அப்படியொரு பெட்டி என் இல்லத்திலும் நான்கு மாதங்கள் உறங்கிற்று. ஆகவே இதை எழுதும் தகுதி எனக்குச் சிறிது உண்டென்று எண்ணுகிறேன்.

என் அத்தா புதுவயலில் அரிசி ஆலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதியவர்கள். ஆலை இரைச்சலும் முதுமையும் சேர்ந்து செவியைக் குறைத்துவிட்டன. நாங்கள் நெடுநாள் அதைச் செவிக்குறை என்று உணரவில்லை. 'மறதி வந்துவிட்டது' என்றே பேசிக்கொண்டோம். கேட்டதற்கு வேறொன்று பதில் சொல்வார்கள். வலீமா விருந்துகளில் எவரும் பேச்சுக் கொடுக்காத ஓரமாய்ப் பார்த்து அமர்வார்கள். ஜும்ஆவுக்கு முதல் வரிசையில் இடம் பிடித்தவர்கள், பின்வரிசைக்கு வந்து, இமாம் என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். இறுதியில் மதுரைக்கு அழைத்துச் சென்று, ஒரு கடையில் இரு காதுகளுக்குமாக 90 ஆயிரம் ரூபாய்க்குக் கருவி வாங்கினோம். அரை மணி நேரத்தில் மாட்டி, 'கேட்கிறதா?' என்றார்கள். 'கேட்கிறது' என்றார்கள் அத்தா. பில் போட்டார்கள். கதை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டாம் வாரம் பள்ளிவாசலில் ஒளு செய்யக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டிருக்கிறார்கள், அணைக்கவில்லை. தொழுகையின் நடுவே பைக்குள்ளிருந்து அது விசிலடித்தது. ஸலாம் கொடுத்ததும் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள்.

"என்னத்தா, மிஷினைக் காணோமே?"

"அது கத்துதுப்பா. எனக்கு வேணாம்."

கடைக்குத் தொலைபேசியில் பேசினோம். நேரில் வரச் சொன்னார்கள். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்வர ஒரு பகல் கழிந்துவிடும். இரண்டு முறை போனோம். ஒருவர் ஒலியைக் கூட்டினார். பாத்திரச் சத்தம் மண்டையைப் பிளந்தது. அடுத்தவர் குறைத்தார், பழைய நிலை வந்தது. மூன்றாம் முறை அழைத்தபோது, எங்களுக்குக் கருவி பொருத்திய பையன் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள். பெட்டி பீரோவுக்குப் போயிற்று.

வாசகர்களே, தவறு எங்கே நிகழ்ந்தது? கருவியில் இல்லை. மூக்குக் கண்ணாடி வாங்குவதைப் போல நாங்கள் காதுக் கருவியை வாங்கினோம். கண்ணாடியை மாட்டிய நொடியில் எழுத்துத் தெளிகிறது. பின்னர் கடைக்காரரிடம் நமக்கு வேலையில்லை. காதுக் கருவியோ வாங்கிய அன்றுதான் வேலையைத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் மெல்லொலிகளைக் கேளாமல் பழகிவிட்ட மூளைக்கு விசிறியின் சுழற்சியும், செருப்பின் உராய்வும், செய்தித்தாள் புரளும் ஓசையும் திடீரென்று ஒருசேர வந்து சேர்கின்றன. எதைக் கேட்பது, எதை ஒதுக்குவது என்று அது மறுபடியும் கற்றாக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்களும் ஆகும். தம் குரலே குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதாகப் பலர் சொல்வதுண்டு. அதில் ஒரு பகுதி பழகப் பழகச் சரியாகும். மற்றொரு பகுதி காதுக்குள் செல்லும் முனையின் அளவையும் காற்றுத் துளையையும் மாற்றினால்தான் சரியாகும். எது எதுவென்று பிரித்தறிய நிபுணர் ஒருவர் வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதுமையாலும் இரைச்சலாலும் வரும் செவிக்குறையில் முதலில் மறைவன உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள். 'ஆ', 'ஓ' முதலிய உயிரொலிகள் கனமாகக் கேட்கும். ச, ஸ, த, க முதலியவற்றின் கூர்மை மழுங்கும். குரல் கேட்கும், சொல் விளங்காது. 'பால்' என்றதா, 'கால்' என்றதா எனத் தெரியாது. இத்தகையோருக்கு ஒலி முழுவதையும் கூட்டுவதால் பயனில்லை. எந்தச் சுருதியில் எவ்வளவு குறைகிறதோ அந்தச் சுருதியில் அவ்வளவே கூட்ட வேண்டும். ஆடியோகிராம் என்னும் செவிச் சோதனைப் படத்தைக் கொண்டு கணினி ஒரு தொடக்க அளவைத் தரும். பல கடைகளில் அந்த அளவோடு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொருவர் செவிக்குழாயும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொரு வடிவம். ஆகவே மெல்லிய மென்குழாய் ஒன்றைக் கருவியின் பக்கவாட்டில் செவிக்குள் செலுத்தி, செவிப்பறையின் அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து சரிசெய்யும் முறை ஒன்று இருக்கிறது. வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிவது. கணினி தரும் தொடக்க அளவு உயர்சுருதி ஒலிகளைத் தேவைக்குக் குறைவாகவே கொடுப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 'காதுக்குள் அளந்து பொருத்துவீர்களா?' என்று வாங்குமுன்பே கேளுங்கள். விழிக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

என் அத்தாவின் கருவியைப் பின்னர் வேறோர் ஆடியாலஜிஸ்டிடம் காட்டினோம். அவர் கண்டறிந்தவை மிக எளியவை. காதுக்குள் செல்லும் மென்முனை ஓரளவு சிறியது. இடைவெளி வழியே ஒலி வெளியேறி மீண்டும் மைக்குக்குள் புகுந்ததால் விசில் வந்தது. வலப்பக்கக் குரும்பித் தடுப்பு அடைபட்டிருந்தது. மாற்ற வேண்டிய வெள்ளைப் பொட்டு அது, நகக்கணு அளவுகூட இராது. தாழ்சுருதி ஒலி மிகுந்தும் உயர்சுருதி ஒலி குறைந்தும் அமைக்கப்பட்டிருந்தன. மூன்று முறை போனோம். இரண்டு மாதங்களில் பெருமளவு சீராயிற்று. அல்ஹம்து லில்லாஹ். மற்றொரு நல்வாய்ப்பு, அந்தக் கருவி எல்லா நிபுணரும் திறந்து சரிசெய்யத்தக்கதாக இருந்தது. சில நிறுவனங்கள் தம் கிளைகளில் மட்டுமே திறக்கும்படி பூட்டிய கருவிகளையும் விற்கின்றன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்பும் கருவிகளில் இந்தத் தொல்லை மிகுதி; உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே அரபு நாட்டிலிருக்கும் செல்வங்களே, அன்பு மிகுதியால் அங்கே வாங்கி அனுப்பாதீர்கள்; பணத்தை அனுப்புங்கள். பெற்றோர் மாதம் ஒருமுறை களைப்பின்றிப் போய்வரக்கூடிய ஊரில், பழுது பார்க்கிற இடத்தில் வாங்கட்டும். இருபதாயிரம் ரூபாய் மலிவான கருவியாயினும் பக்கத்தில் சரிசெய்ய ஆள் இருந்தால், லட்ச ரூபாய்க் கருவியைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

வாங்குமுன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை சில உண்டு. எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்து தருவார்கள்? எத்தனை ஆண்டுகளுக்கு? பழுதுக்கு அனுப்பினால் இடைக்காலத்தில் மாற்றுக் கருவி தருவார்களா? பிடிக்காவிடில் எத்தனை நாளில் திருப்பிக் கொடுக்கலாம்? அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவ்வாறு திருப்பித் தரும் கால அவகாசம் சட்டமாகவே இருக்கிறது. நம் நாட்டில் வாங்குகிறவர் வாய்திறந்து கேட்டால்தான் கிடைக்கும். பொருத்துகிறவரின் தகுதியையும் கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி ஆடியாலஜிஸ்டுகளுக்கு மத்தியப் பதிவேட்டில் எண் உண்டு. அந்த எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பொருத்திய முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒருமுறை, ஒன்று அல்லது ஒன்றரை மாதத்தில் ஒருமுறை, மூன்றாம் மாதத்தில் ஒருமுறை, பின்னர் ஆறு மாதத்துக்கொருமுறை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுதோறும் செவிச் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும். செவிக்குறை நின்ற இடத்தில் நிற்பதில்லை. இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சேவை தொடங்கிய நாள்முதல் கருவி இலவசம். அதனோடு பேட்டரியும் பழுது நீக்கலும் இலவசம். கருவியைத் தனிப்பொருளாகவும் பராமரிப்பைத் தனிச் சலுகையாகவும் அவர்கள் பிரிக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் வளரும் நாடுகளுக்கென்று 2001ஆம் ஆண்டு வெளியிட்டு 2004ஆம் ஆண்டு திருத்திய வழிகாட்டுதலில், பொருத்துதல், தொடர் கவனிப்பு, பழுது நீக்கல், பேட்டரி, காது அச்சு ஆகிய அனைத்தையும் சேர்த்தே பேசுகிறது. அந்நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கருவியால் பயன்பெறக்கூடியவர்களில் அதைப் பயன்படுத்துவோர் உலகளவில் 17 விழுக்காட்டினரே.

நிபுணரிடம் போகும்போது 'சரியாகக் கேட்கவில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் எதைத் திருத்துவார்? நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். எங்கே, யார் பேசியது, எவ்வளவு தொலைவு, என்ன தவறாகக் கேட்டது என்று அன்றன்று எழுதுங்கள். 'பேத்தி குரல் விளங்கவில்லை. மருமகன் குரல் விளங்குகிறது', 'குக்கர் விசில் தாங்க முடியவில்லை', 'தொலைபேசியில் வலக்காதில் கீச்சென்கிறது' - இவற்றில் ஒவ்வொன்றும் கணினியில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று அவருக்குக் காட்டிவிடும். எங்கள் அத்தா கணக்கெழுதிய கை. தேதி போட்டுப் பத்தி பிரித்து எழுதினார்கள். மூன்று முறையில் காரியம் முடிந்ததற்கு அந்த நோட்டே பாதிக் காரணம்.

வீட்டிலேயே செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. டேனியல் லிங் என்னும் அறிஞர் வகுத்தது. 'ம்', 'ஊ', 'ஆ', 'ஈ', 'ஷ்', 'ஸ்' என்னும் ஆறு ஒலிகள் பேச்சின் தாழ்சுருதி முதல் உயர்சுருதி வரை பரவி நிற்பவை. கருவி அணிந்தவர் தங்கள் வாயைப் பாராதபடி பின்னால் நின்று, இயல்பான குரலில் ஒவ்வொன்றாய்ச் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொல்லட்டும். நேற்றுவரை கேட்ட 'ஸ்' இன்று கேட்கவில்லையென்றால் குரும்பி அடைத்திருக்கிறது, அல்லது பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது செவியிலேயே மாற்றம் நேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். சென்னை அடையாறில் 1969ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் பால வித்யாலயா பள்ளி, செவிக்குறையுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கருவியின் துணையோடு பேச வைத்துப் பெயர் பெற்றது. அங்கே தாய்மாரும் பிள்ளையோடு வகுப்பில் அமர்ந்து கற்கிறார்கள். குழந்தைக்குத் தாய் செய்வதை முதியவருக்கு நாம் செய்தால் என்ன?

பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொத்தான் போன்ற அந்தச் சிறு பேட்டரி துத்தநாகமும் காற்றும் சேர்ந்து இயங்குவது. பின்புறம் ஒட்டியுள்ள வண்ணத்தாளை உரித்ததும் நுண்துளைகள் வழியே காற்று புகுந்து வேலை தொடங்கும். ஆகவே உரித்துச் சில நிமிடம் கழித்துக் கருவிக்குள் போடுவது நல்லது. உரித்தபின் மீண்டும் ஒட்டி வைத்தாலும் பயனில்லை. வண்ணம் அளவைக் குறிக்கும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. நம் காரைக்குடியில் 1948ஆம் ஆண்டு பண்டித நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி, மின்வேதியியலுக்கென்றே அமைந்த மத்திய ஆய்வகம். பேட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. அந்த ஊரில் இருந்துகொண்டு, பேட்டரி தீர்ந்ததை அறியாமல் 'மிஷின் கெட்டுவிட்டது' என்று மூடி வைத்தவர்கள் நாம்! பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் ஒரு மணித்துளியும் தாமதிக்காது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மாத்திரைப் பெட்டியின் அருகிலும் வைக்கலாகாது. கண் மங்கிய முதியோர் மாத்திரையென்று விழுங்கிய நிகழ்ச்சிகள் உண்டு.

நம் சமுதாயத்தார் தனியே கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. கடைக்காரருக்கு இவை தெரியா. நாமே சொல்லிக் கேட்க வேண்டும். ஐவேளை ஒளு செய்வோர் முகம் கழுவுமுன் கருவியைக் கழற்றி, பேட்டரிக் கதவைத் திறந்து, மூடியுள்ள சிறு டப்பாவில் வைக்க வேண்டும். காதுக்கு மஸஹு செய்தபின் நன்கு துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். பெண்கள் முக்காட்டையோ துப்பட்டியையோ காதை இறுக்கிப் போர்த்தினால் துணி மைக்கை அடைத்து விசில் வரலாம். ஆடியாலஜிஸ்டிடம் முக்காட்டோடேயே அமர்ந்து, அந்த நிலையில் விசிலை அடக்கச் சொல்லுங்கள். பெண் நிபுணர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே விசாரித்துப் போனால் நம் தாய்மார்கள் கூச்சமின்றிப் பேசுவார்கள். ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோர் வேண்டிய பேட்டரியைப் போல் இருமடங்கு எடுத்துச் செல்லட்டும். வியர்வை பெருகும் நம் சீமைக் கோடையில், இரவு நேரம் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவே கருவிக்குப் படுக்கை. அரிசிப் பானையில் புதைப்பதும் வெயிலில் காயவைப்பதும் கருவியைக் கெடுக்கும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய இடர் ஒன்றையும் அந்த ஆடியாலஜிஸ்ட் சொல்லித்தான் அறிந்தேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை - கண்ணுக்கு அழகு, ஒலிக்கு எதிரி. ஒலி சுவருக்குச் சுவர் மோதி எதிரொலித்து, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடும். கருவி எதிரொலியையும் சேர்த்தே பெருக்கும். முதியவர் அமரும் இடத்தில் ஒரு ஜமுக்காளம் விரித்து, சன்னலுக்குக் கனத்த திரை போட்டாலே வேறுபாடு தெரியும். அடுத்த அறையிலிருந்து கூவுவதை விட்டு, ஆறடிக்குள் வந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். பளிங்கும் ஓடும் பதித்த பள்ளிவாசல் கூடங்களுக்கும் இதுவே பொருந்தும். ஒலிபெருக்கியின் அடியில் அமர்வதைவிட மிம்பருக்கு நேரே அமர்வது பயன் தரும். மேல்நாட்டு வழிபாட்டுத் தலங்கள் பலவற்றில் கூடத்தைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள். 'டி' என்னும் அமைப்புள்ள கருவியை அணிந்தவருக்கு இமாமின் குரல் எதிரொலி கலவாமல் நேரே செவிக்கு வரும். புதிய சிறு கருவிகள் பலவற்றில் இந்த அமைப்பு இல்லை; வாங்கும்போதே கேட்க வேண்டும். பள்ளிக்குப் புதிதாகத் தளம் போடும் ஜமாஅத்தார்கள், கல்லைப் பதிக்குமுன் இதைப் பற்றிப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை பேசினால் செலவு குறையும். திருமறையில் செவியும் பார்வையும் சேர்த்துச் சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் செவியே முன்னே நிற்கிறது என்பதை நம் ஆலிம்கள் அடிக்கடி எடுத்துரைப்பார்கள். பள்ளியில் கால் கழுவும் இடத்துக்குச் செலவிடும் நாம் செவிக்கும் கொஞ்சம் செலவிடலாம்.

இலவச முகாம்களைப் பற்றி மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையில் நிற்க வைத்து, ஒரே மாதிரிக் கருவியை ஐம்பது பேர் கையில் கொடுத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கொடுப்பவர்களின் நிய்யத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் அந்த ஐம்பதில் எத்தனை காதில் இருக்கின்றன என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் தகுதியுள்ளோர்க்குக் கருவி கிடைக்கிறது. சிவகங்கையிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். ஆனால் ஒருமுறை பெற்றால் பெரியவர்களுக்கு மூன்றாண்டுகள் கழியாமல் மறுமுறை கிடையாது. ஆகவே கிடைத்ததைக் காப்பது முக்கியம். நம் பைத்துல்மால்கள் ஐம்பது கருவி வாங்கும் தொகையில் இருபத்தைந்து வாங்கி, மீதியை வைத்து மூன்று மாதத்துக்கொருமுறை ஓர் ஆடியாலஜிஸ்டை மஹல்லாவுக்கே வரவழைக்கட்டும். கருவி விற்க அல்ல, கொடுத்ததைச் சரிபார்க்க. பள்ளி அலுவலகத்தில் நான்கு வண்ணப் பேட்டரியும் கொஞ்சம் குரும்பித் தடுப்பும் வாங்கி வைத்தால் பெரிய செலவாகாது.

ஒப்புக்கொண்ட சேவையைக் கடைக்காரர் செய்ய மறுத்தால் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் எண்ணில் முறையிடலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை மதுரையில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும், நாம் வாழும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். இதற்குத்தான் எல்லாவற்றையும் எழுதி வாங்கச் சொன்னேன். நாங்கள் எழுதி வாங்கவில்லை. பில்லைத் தவிர எங்களிடம் ஒன்றுமில்லை. ஆகவே போகாமல் விட்டோம்.

கருவியைச் சரிசெய்து தீராதவையும் உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று செவி அடைத்துப்போதல், சீழ் வடிதல், ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைச்சுற்றல் - இவற்றுக்குக் கடைக்குப் போகலாகாது. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். திடீர்ச் செவிட்டுத்தன்மைக்குச் சில நாட்களுக்குள் மருத்துவம் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

அத்தா இப்போது காலையில் மாட்டினால் இஷாவுக்குப் பிறகே கழற்றுகிறார்கள். திருமண மண்டபங்களில் இன்னும் பாதிப் பேச்சு விளங்குவதில்லை. அதற்கு எந்தக் கருவியும் முழுத் தீர்வாகாது என்று ஆடியாலஜிஸ்ட் முதலிலேயே சொல்லிவிட்டார். ஜும்ஆவில் மறுபடியும் முன்வரிசை. போன வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து, குத்பாவுக்கு முந்திய பயானில் இமாம் ஒரு கணக்கைத் தவறாகச் சொன்னதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே, 'அடுத்த முறை கேட்க வேண்டியது: இடது காதில் குளிர்ப்பெட்டி இரைச்சல்' என்றிருக்கிறது.